எங்கள் ஸ்டேஷனைத் தாண்டிப் போன தண்ணீர்

2019 ஜூலை 12, வெள்ளிக்கிழமை. முற்பகல் வெயிலில் திருவள்ளூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஏழெட்டுப் பேர் ஒரு கூட்ஸ் வண்டியைப் பார்க்க நின்றிருந்தோம். நான் ரிட்டயர் ஆனவன், எனக்கு வேறு வேலை கிடையாது. மற்றவர்கள் கையில் சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு வந்த எலெக்ட்ரிக் டிரெயினை விட்டுவிட்டு நின்றார்கள். அரக்கோணம் பக்கமிருந்து வண்டி வந்தது. இஞ்சின் நெற்றியில் மாலையும் தோரணமும். பின்னால் ஐம்பது டேங்கர் வேகன்கள். பார்வைக்குப் பெட்ரோல் வண்டிதான். ஆனால் மூடி ஓரங்களில் கசிந்து தண்டவாளத்தை நனைத்துக்கொண்டே போனது தண்ணீர். என் பக்கத்தில் கீரைக்கூடையோடு நின்ற அம்மாள், "ஐயய்யோ, வீணாப் போவுதே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜோலார்பேட்டையில் ஏற்றி, வில்லிவாக்கத்தில் இறக்குகிற காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர் அது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். இதற்காக அரசு ஒதுக்கிய தொகை 65 கோடி ரூபாய். எங்கள் தண்ணீரை எடுத்துப் போகாதே என்று வேலூர்ப் பக்கம் எதிர்ப்புக் குரல் எழுந்து அடங்கியிருந்த நேரம்.

வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். 65 என்ற எண் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது. 1944-ல் பூண்டி நீர்த்தேக்கத்தைக் கட்டி முடிக்க ஆன செலவும் 65தான், ஆனால் லட்சம். அந்தக் கணக்கை என் தலையில் ஏற்றியவர் என் நைனா. பூண்டியில் லஸ்கர். விடிகாலையில் கேஜ் போர்டில் மட்டம் பார்த்து எழுதுவது, ஷட்டர் சங்கிலிக்குக் கிரீஸ் போடுவது, மேலே இருந்து உத்தரவு வந்தால் திறப்பது, இறக்குவது. அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் ஏரியைப் பற்றி அவர் பேசினால் கலெக்டர் பேசுவது போல இருக்கும்.

கன அடி என்றால் என்ன என்று எனக்கு எட்டு வயதில் அவர் சொல்லிக்கொடுத்தது இப்படி: "ரெண்டு குடம்டா. அம்மா இடுப்புல ஒண்ணு, தலையில ஒண்ணு." ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். சரியாகத்தான் வரும். பிறகு நான் சேப்பாக்கம் பக்கம் ஓர் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்து முப்பது வருஷம் மணவாள நகரிலிருந்து ரயிலில் போய்வந்தேன். எவ்வளவு பெரிய வரைபடத்தில் எவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்தாலும் மனசுக்குள் குடமாகத்தான் மாறும்.

இந்த ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. திருவள்ளூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வீரராகவப் பெருமாள், அமாவாசை, குளத்தில் வெல்லம் கரைப்பது. கோயிலும் கடைத்தெருவும் தண்டவாளத்துக்கு வடக்கே. தெற்கே இறங்கினால் எங்கள் மணவாள நகர். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஓர் ஆற்றுப்பாலம். அதுதான் கூவம். சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் அது ஆறுதான். மெட்ராசுக்குப் போய்த்தான் அதற்குக் கெட்ட பெயர். வடக்கே கொசஸ்தலை ஆறு, தெற்கே கூவம். கேசாவரம் அணைக்கட்டில் பிரிகிற அக்கா தங்கை. இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டுதான் மெட்ராஸ் எங்களிடம் தண்ணீர் கேட்டு வந்த கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறோம்.

ஆதியில் அந்த ஊர் தன் கிணற்றிலேயே இறைத்துக்கொண்டது. 1772-ல் கேப்டன் பேக்கர் என்பவர் கோட்டைக்கு வடக்கே கிணறுகள் வெட்டித் தண்ணீர் கொடுத்தார். அந்தத் தெருவுக்கு இன்றும் ஏழு கிணறு என்றுதான் பெயர். பத்துக் கிணறு வெட்டியதில் ஏழுதான் உதவியது என்பார்கள். நூறு வருஷம் கழித்துக் கிணறு போதவில்லை. பிரேசர் என்ற இன்ஜினியர் கொசஸ்தலை ஆற்றின் மேல் கண் வைத்தார். தாமரைப்பாக்கத்தில் ஒரு கல்லணை, அங்கிருந்து சோழவரம் ஏரிக்கு ஒரு கால்வாய், அங்கிருந்து செங்குன்றம் என்கிற புழல் ஏரி, அங்கிருந்து திறந்த மண்கால்வாயில் கீழ்ப்பாக்கம். 1872-ல் தண்ணீர் ஓடியது. வயலுக்குப் பாய்ந்துகொண்டிருந்த இரண்டு ஏரிகள் அன்றைக்குப் பட்டணத்து ஏரிகள் ஆயின. ஆயக்கட்டுக்காரனிடம் என்ன கேட்டார்கள், அவன் என்ன சொன்னான் என்று எந்தக் காகிதத்திலும் நான் படித்ததில்லை.

அதற்கு நாலாம் வருஷம் தாது வருஷப் பஞ்சம். 1876-லிருந்து இரண்டு வருஷத்துக்குமேல் சென்னை ராஜதானியே செத்துச் சுண்ணாம்பானது. பஞ்ச நிவாரண வேலை என்று பக்கிங்காம் கால்வாயில் விட்டுப்போன துண்டை அப்போதுதான் வெட்டி இணைத்தார்கள். பருவமழை தவறுவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறேன். காலநிலை மாற்றம் என்ற பேச்சு வருமுன்பே இந்த மண்ணுக்கு வானம் இரண்டு முகமும் காட்டியிருக்கிறது. அதனால்தான் ஊருக்கு ஓர் ஏரி, ஏரிக்கு ஒரு கலங்கல், ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு வழி என்று முன்னோர் வைத்திருந்தார்கள்.

1914-ல் மேட்லி என்ற இன்ஜினியர் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் கட்டினார். 1961-ல் மெட்ராஸ் ஜனத்தொகை 6.6 லட்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டினாராம். ஜனங்கள் கணக்குக்கு அடங்குகிறவர்களா? பட்டணம் முந்திக்கொண்டு ஓடியது. திரும்பவும் மேற்கே பார்த்தார்கள்.

பூண்டியின் கதை எங்கள் வீட்டுக் கதையும்தான். தீரர் சத்தியமூர்த்தி 1939-ல் மெட்ராஸ் மேயர். உலக யுத்தம் ஆரம்பித்துவிட்ட வேளை, தளவாடத்துக்குத் தட்டுப்பாடு, வெள்ளைக்காரச் சர்க்காருக்கு வேறு கவலைகள். அந்த நேரத்தில் மல்லுக்கட்டி அவர் வாங்கிய, கொசஸ்தலை ஆற்றில் அணை கட்டும் திட்டம் இது. 1940-ல் வேலை தொடங்கியது. அவர் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆகஸ்ட் போராட்டத்தில் சிறைக்குப் போய், உடம்பு கெட்டு, 1943 மார்ச் 28-ல் மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். அதே வருஷம் அக்டோபரில் கூவம் பெருகி மெட்ராசுக்குள் புகுந்தது. தண்ணீர் இல்லை என்று அணை கட்டிக்கொண்டிருந்த ஊரைத் தண்ணீரே வந்து அடித்தது. 1944-ல் கவர்னர் ஆர்தர் ஹோப் பூண்டியைத் திறந்துவைத்தார். சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர். 16 ஷட்டர்கள், 2,573 மில்லியன் கன அடி. பிற்பாடு கொஞ்சம் உயர்த்தி 3,231 ஆக்கினார்கள்.

அந்தத் தண்ணீருக்கு அடியில் என் ஆயாவின் ஊர் இருக்கிறது. திருவிளம்பூதூர். தேவாரப் பாடல் பெற்ற திருவெண்பாக்கம் என்பது அதுதான். கண்ணிழந்த சுந்தரருக்குச் சிவபெருமான் ஊன்றுகோல் கொடுத்த தலம். கண் கேட்டவனுக்குக் கோலா என்று கோபப்பட்டுச் சுந்தரர் அதை வீசி எறிய, அது நந்தியின் கொம்பில் பட்டு ஒடிந்தது என்பது கதை. ஊர் முழுகும் என்றானபோது கோயிலைப் பெயர்த்துப் பூண்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். ஊன்றீஸ்வரர் அங்கே இன்றும் இருக்கிறார். "சாமியே வூட்டைக் காலி பண்ணிக் குடுத்துட்டாரு, நாம எம்மாத்திரம்" என்று ஆயா சொல்வாள். அதில் கசப்பு இருந்ததா, பெருமை இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. தாத்தாவுக்குக் கிடைத்த நஷ்டஈட்டில் ஒரு ஜோடி மாடு வாங்கினார்கள். மகனுக்கு அதே ஏரியில் லஸ்கர் வேலை கிடைத்தது. முழுகின ஊரின் மேல் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று தினமும் எழுதி வைக்கிற வேலை.

(பூண்டிக்குப் போகிறவர்கள் அங்கே இருக்கும் கற்கால அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் அத்திரம்பாக்கத்தில் கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார். அந்த இடத்தில் கிடைத்த ஆயுதங்களின் வயது 15 லட்சம் வருஷம் என்று 2011-ல் கணித்தார்கள். இந்தக் கொசஸ்தலை ஆற்றோரம் மனுஷன் தண்ணீர் குடித்து அத்தனை காலமாகிறது. மெட்ராசுக்கு வயது நானூறுகூட ஆகவில்லை.)

ஆற்றுத் தண்ணீர் முடிந்து, அடுத்தது அடித்தண்ணீர். 1960-களின் கடைசியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆராய்ச்சி செய்து, ஆரணி ஆற்றுக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் நடுவே பூமிக்குள் பெரிய மணல் படுகை இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஆறு பழங்காலத்தில் ஓடிய தடங்கள் அவை. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வரிசையாக ஆழ்குழாய்கள் இறங்கின. 1987-ல் பூண்டியும் கன்னிகைப்பேரும் சேர்ந்தன. மீஞ்சூர்க் கிணறுகளில் கடல் ஏறியது. நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, காலியான இடத்துக்கு உப்புத் தண்ணீர் மண்ணுக்கு அடியிலேயே நடந்து வந்தது. 1969-ல் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் சுற்றில் இருந்த உப்பு, பிறகு பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் வந்துவிட்டது. 1987-ல் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தச் சென்னைப் பெருநகருக்கென்று தனிச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் தண்ணீர் லாரி நின்றதாகத் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் எனக்கு நெஞ்சில் முள்ளாக இருக்கிற பகுதி. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் மழை அடுத்தடுத்துப் பொய்த்தது. வெள்ளியூர், மாகறல், கீழானூர் பக்கமெல்லாம் விவசாயிகளின் பம்புசெட் கிணறுகளையே நகரத்துக்காக வாடகைக்குப் பேசினார்கள். எனக்கு ஒரு சித்தப்பா அந்தப் பக்கம். மூன்று போகம் பார்த்தவர். சொர்ணவாரி, சம்பா, நவரை. கவலை இறைத்த காலத்திலிருந்து அவர் கிணறு வற்றியதில்லை என்று பெயர். ஒருநாள் போனபோது கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் காய்ந்திருந்தது. தண்ணீர் குழாய் வழியாக வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது.

"என்ன சித்தப்பா, நடவு இல்லையா?"

"நட்டா என்னடா கெடைக்கும்? களை எடுக்க ஆள், மூட்டை ஏத்த ஆள், வெலை கேட்டா மொகத்தைத் திருப்பிக்கிறான். இது மணிக்கணக்கு. படுத்துக்கிட்டே வருது."

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக மாசம் பிறந்தால் பணம் பார்த்தார். ஆனால் அவர் கழனியில் நடவு நட்டு வந்த பெண்கள் அந்த வருஷம் செங்கல் சேம்பருக்குப் போனார்கள். பக்கத்துக் கழனிக்காரன் கிணறு இறங்கிப்போய் போர் போட்டான். அவன் போட்டான் என்று இவர் இன்னும் ஆழமாகப் போட்டார். பிறகு மழை வந்தது, குழாயைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சித்தப்பா திரும்பச் சொர்ணவாரி போடவேயில்லை. பழக்கம் விட்டுப்போச்சு என்றார். ஒரு போகம் செத்துப்போவது எப்படி என்று எனக்கு அப்போது தெரிந்தது. சத்தமே வராது.

கிருஷ்ணா நீருக்கு வருகிறேன். 1976-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் கிருஷ்ணா ஆற்றிலிருந்து மெட்ராசுக்குத் தலைக்கு 5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் ஆயிரம் மில்லியன் கன அடி) தருவதாக ஒப்புக்கொண்டன. 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் கையெழுத்துப் போட்டார்கள். வழியில் ஆவியாவது, கசிவது போக 12 டி.எம்.சி. நம் எல்லைக்கு வர வேண்டும். ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்டுக்கு அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்தது 1996 செப்டம்பரில். கண்டலேறு அணையிலிருந்து பூண்டிவரை 177 கிலோமீட்டர். நைனா அப்போது ரிட்டயராகிவிட்டார். பஸ் பிடித்துப் பார்க்கப் போனோம். சேறு கலந்த செந்தண்ணீர், முன்னால் சருகுகளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வந்தது. ஜனங்கள் கற்பூரம் காட்டினார்கள். நைனா ஒரு கை அள்ளி மோந்து பார்த்து, "தெலுங்குத் தண்ணியும் நம்ம தண்ணி வாசனைதாண்டா" என்றார். கரையெல்லாம் உடைந்து கசிந்ததால் ஒப்பந்தத் தண்ணீர் முழுசாக வந்து சேரவில்லை. புட்டபர்த்தி சாயிபாபாவின் அறக்கட்டளை பணம் போட்டுக் கால்வாயைச் சீர்செய்து கொடுத்த பிறகு நிலைமை கொஞ்சம் தேறியது.

பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரிக்கு வெட்டிய லிங்க் கால்வாய் எங்கள் ரயில் பாதையையும் கூவத்தையும் குறுக்கே கடந்து போகிறது. சிமென்ட் பூசின சரிவான கரை. கோடையில் பசங்கள் குதிக்கிற இடம். வருஷம் தவறாமல் யாரையாவது வாங்கிக்கொள்கிற இடமும் கூட.

சென்னை உருப்படியாகத் தன் கூரையையே திரும்பிப் பார்த்தது ஒரே ஒரு தடவை. 2003 ஜூலையில் ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் போட்டது. தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கெடு வைத்தார்கள். குழாய் விற்கிற கடையில் தேர்த்திருவிழாக் கூட்டம். எங்கள் வீட்டுக்கு வந்த பிளம்பர் மாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை இறக்கி, தரையில் ஒரு முழம் தோண்டி, ஜல்லி கொட்டி மூடிவிட்டு, "சார், அதிகாரி வந்தா குழாய் தெரியணும், அவ்ளோதான்" என்றார். நான் டிராஃப்ட்ஸ்மேன் இல்லையா, விடவில்லை. அளவோடு படம் போட்டுக் கொடுத்துத் தோண்டச் சொன்னேன். திட்டிக்கொண்டே தோண்டினார். ஒழுங்காகச் செய்த தெருக்களில் கிணற்று மட்டம் ஏறியதைச் சென்னையில் பலர் கண்ணால் பார்த்தார்கள். பத்து வருஷத்தில் பாதிக் குழாய் துருப்பிடித்த ஆணியில் தொங்கியது.

மழையின் குணம் மாறியதை எங்களைப் போன்றவர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஐப்பசி அடைமழை என்றால் முன்பு நாலு நாள், அஞ்சு நாள் பிசுபிசுவென்று விடாமல் பெய்யும். மண் குடிக்கும். ஏரி மெதுவாக ஏறும். நைனா கேஜில் அரை அடி, முக்கால் அடி என்று எழுதுவார். இப்போது பெய்தால் கொட்டுகிறது, இல்லையென்றால் வானம் வெளுத்துக் கிடக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்கிறது அறிவியல். சுமந்ததை ஒரே இடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறது. 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர் பெய்தது. சாதாரணமாக ஒரு வருஷத்துக்குச் சுமார் 1,400 பெய்கிற ஊர். டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் திறந்து அடையாறு பெருகிய கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். எங்கள் கூவம் பாலத்தடியில் அன்றைக்கு முழு வேப்பமரம் ஒன்று வேரோடு வந்து சிக்கி நின்றது. அதை யாரும் எழுதவில்லை, நான் எழுதிவிடுகிறேன்.

நாலே வருஷத்தில் 2019. முந்தின வருஷத்து வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. ஆறு மாதத்துக்குமேல் உருப்படியான மழை இல்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரிகள் நாலும் தரை தட்டின. பூண்டியில் ஷட்டருக்கு வெகுதூரம் முன்னாலேயே தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் அதற்கு முந்தின வருஷம்தான் 'குழாய் நிற்கும் நாள்' என்று தேதி குறித்துத் தப்பித்திருந்தது. சென்னைக்குத் தேதி குறிக்கவே நேரம் கிடைக்கவில்லை. மெட்ரோ வாட்டர் நாளைக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துவந்ததை 52 கோடி சொச்சத்துக்குக் குறைத்தது. அப்போதுதான் ஜோலார்பேட்டை வண்டி.

அந்த வண்டி பற்றி நான் போட்ட கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நாலு நடை வந்தாலும் ஒரு கோடி லிட்டர். குறைத்துக் கொடுத்த தண்ணீரிலேயே நூற்றுக்கு இரண்டு பங்கு. ஒரு டி.எம்.சி. சேர வேண்டும் என்றால் 11,000 நடைக்கு மேல் வர வேண்டும். அப்புறம் 2021 நவம்பர். பூண்டி நிரம்பி வழிந்து ஷட்டர் வழியாக நொடிக்கு 30,000 கன அடிக்குமேல் திறந்துவிட்டார்கள். நொடிக்கு 60,000 குடம். இஞ்சினுக்கு மாலை போட்டு, ஊருக்கெல்லாம் செய்தி போட்டு, ஐம்பது வேகனில் வந்த தண்ணீர் இருக்கிறதே, அந்த அளவு பூண்டி ஷட்டர்களைத் தாண்ட மூன்று நொடி. வாயைத் திறந்து 'ஆ' என்று சொல்லி மூடுவதற்குள் ஒரு ரயில். இப்படி இரவெல்லாம் ரயில் ரயிலாகக் கடலுக்குப் போயிற்று. நேராகக் கடலுக்கும் போகவில்லை. கொசஸ்தலை கரையோரக் கிராமங்களின் தரைப்பாலங்களை மூழ்கடித்து, மணலி புதுநகருக்குள் புகுந்து, அங்கே ஜனங்களைப் படகில் ஏற்றிவிட்டுத்தான் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அதே எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து மிதந்தது.

நைனா இருந்திருந்தால் அந்த மூன்று நொடிக் கணக்குக்கு என்னைத் தட்டிக்கொடுத்திருப்பார். உடனே, "சரி, புடிச்சி எங்க வைப்ப?" என்றும் கேட்டிருப்பார். அதுதான் கேள்வி. பூண்டிக்குப் பிறகு 76 வருஷம் கழித்து, 2020 நவம்பரில் சென்னைக்கென்று ஒரு புது நீர்த்தேக்கம் வந்தது. கும்மிடிப்பூண்டி தாலுகாவில் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை ஒன்றாக்கி, 380 கோடி செலவில், 500 மில்லியன் கன அடி. பூண்டியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கும் விவசாயிகளின் பட்டா நிலத்தை எடுக்க வேண்டியிருந்தது. திரும்பவும் எங்கள் மாவட்டம், திரும்பவும் கழனி. பக்கத்திலேயே சிப்காட்டின் தொழிற்சாலைக் கூரைகள் பளபளக்கின்றன. எத்தனை சிறு ஏரிகள் சேம்பருக்கு மண்ணாகவும், மனைப்பிரிவுக்கு நிலமாகவும் போய்விட்டன என்று எண்ணிப் பார்த்தால், புதிதாகக் கிடைத்ததா, போனதில் கொஞ்சம் திரும்பியதா என்று சந்தேகம் வருகிறது.

நகரமும் சும்மா இருக்கவில்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2013-ல் நெம்மேலி, 2024-ல் நெம்மேலியிலேயே இன்னொன்று, பேரூரில் நாளைக்கு 40 கோடி லிட்டருக்கு வேலை நடக்கிறது. ஊற்று உப்பான மீஞ்சூருக்குப் பக்கத்திலேயே கடலை நன்னீராக்கும் ஆலை நிற்பதை விதி என்பதா, வேடிக்கை என்பதா? கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி பக்கத்து ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் இத்தனை திட்டத்திலும் புத்திசாலித்தனமானது அதுதான். வெளியூர்த் தண்ணீர் தொடாமல் தன் தண்ணீரையே இரண்டாம் தடவை உபயோகிக்கிறது. 2023 ஜூனில் சென்னை காலநிலைச் செயல்திட்டம் என்று ஒன்றை வெளியிட்டார்கள். 2050-க்குள் நிகரப் பூஜ்ய உமிழ்வு இலக்கு. வெள்ளம், வெப்பம், கடல்மட்டம் எல்லாம் அதில் இருக்கிறது. பேரன் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினான். பழைய தொழில் புத்தி, எழுத்தை விட்டுவிட்டு வரைபடத்தைத்தான் பார்த்தேன். மாநகராட்சியின் 15 மண்டலம். எல்லைக்கோடு முடிகிற இடத்தில் படமும் முடிகிறது. பூண்டி அந்தக் காகிதத்துக்கு வெளியே மேசையில் எங்கோ இருக்க வேண்டும்.

அதற்குமுன் 2022 அக்டோபரில்தான் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் அதற்குள் வந்துவிட்டன. மணவாள நகரில் மனை விலை கேட்டு போன் வர ஆரம்பித்தது. ஆக, வீட்டுமனைப் படத்தில் நாங்கள் சென்னை. வெள்ளப் படத்தில் இல்லை.

பருவமழைக் காலத்தில் காலையில் பேப்பர் வந்ததும் நான் முதலில் தேடுவது அந்தப் பெட்டிச் செய்தியைத்தான். "சென்னைக்குக் குடிநீர் வழங்கும் ஏரிகளின் நிலவரம்." பூண்டி, சோழவரம், புழல், கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை, செம்பரம்பாக்கம். ஐந்தில் நாலு எங்கள் மாவட்டத்தில். இத்தனை அடியில் இத்தனை, வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை. பென்சிலால் ஓரத்தில் குடமாக மாற்றி எழுதுவேன். நைனாவின் பழக்கம் ஒட்டிக்கொண்டது. போன ஐப்பசியில் ஒருநாள் பூண்டிக்கு வரத்து நன்றாக இருந்தது. சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

வாசலில் காலி கேன் இரண்டையும் உருட்டி வைத்துக்கொண்டிருந்த என் மனைவி, "அது இருக்கட்டும், கேன் பையன் ரெண்டு நாளா வரலை, அந்த நம்பரைக் கொஞ்சம் போடுங்க" என்றாள். பூண்டி இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு போனை எடுத்தேன்.